பி.ஈ.2சி ப்ளேன்ல அப்சர்வர ஏன் முன் சீட்ல உக்கார வச்சாங்க?

காத்தாடி குமார்:
முதல் உலகப்போர் மாடல் ஒண்ணு செஞ்சுட்டு இருக்கேன், பிரிட்டிஷ்காரங்க பி.ஈ.2சி. பைலட் பின்னாடி, அப்சர்வர் (வேவு பாக்குறவரு) முன்னாடி. நைலான் நூல்ல கம்பியெல்லாம் இழுத்துக் கட்டிட்டு பாத்தா முன் சீட்டு ஆளு கூண்டுக்கிளி மாதிரி இருக்காரு, மேல ரெக்கை கீழ ரெக்கை, சுத்தி கட்டையும் கம்பியும், எதிர்ல ப்ரொப்பெல்லர், பின்னால பைலட் மண்டை. இவரு துப்பாக்கிய எந்தப் பக்கம்தான் திருப்புவாரு? யோசிக்காமலா டிசைன் பண்ணாங்க?

பழைய இன்ஜின்:
யோசிச்சுதான் பண்ணாங்க ப்ரோ, ஆனா சண்டைய யோசிக்கல. வேவு பாக்கத்தான் அந்த வண்டி. பேலன்ஸ் நிக்குற இடத்துகிட்டயே அப்சர்வர் சீட்ட வச்சுட்டா ஆளு ஏறினாலும் ஏறலன்னாலும் ப்ளேன் ஒரே மாதிரி பறக்கும், குண்டு தூக்கிட்டு போறப்ப பல தடவை அவர கீழயே விட்டுட்டு பைலட் தனியாதான் போவாரு. கைய விட்டாலும் ஆடாம நேரா போகும், போட்டோ எடுக்க அருமை, ஆனா பின்னாடி எவனாவது வந்தா சட்டுனு திரும்பாது. 1915-ல ப்ரொப்பெல்லர் இலைக்கு நடுவுல சுடுற ஜெர்மன் ஃபைட்டர் ஃபோக்கர் வந்ததும் பி.ஈ.2சி ஆளுங்க மாட்டிக்கிட்டாங்க. கொடுமை என்னன்னா 1917 ஏப்ரல்ல பிரான்ஸ்ல நடந்த அராஸ் சண்டைக்கும் பி.ஈ.2 வகைய அனுப்பிட்டுதான் இருந்தாங்க.

ரெக்கை ராணி:
கூண்டாவது பரவால்ல, இன்னொரு பிரிட்டிஷ் ப்ளேன் எஃப்.ஈ.2பி பாருங்க. இன்ஜின் பின்னாடி, அப்சர்வர் மூக்குல ஒரு தொட்டிக்குள்ள. பின்பக்கம் சுடணும்னா எந்திரிச்சு சீட்டு மேல ஏறி நின்னு மேல் ரெக்கைக்கு மேலால சுடணும், பெல்ட் கிடையாது பாராசூட் கிடையாது, அந்த நேரம் பைலட் லேசா சாச்சாலும் ஆளு காலி. ஆனா 1916 ஜூன் 18 ஜெர்மன் ஸ்டார் பைலட் இம்மல்மான் செத்தது இந்த எஃப்.ஈ.2பி கூட நடந்த சண்டையிலதான். நாங்க சுட்டதுன்னு பிரிட்டிஷ்காரங்க, இலைக்கு நடுவுல சுட வைக்கிற கியர் கோளாறுல அவரு துப்பாக்கியே அவரு ப்ரொப்பெல்லர வெட்டிடுச்சுன்னு ஜெர்மன்காரங்க.

காத்தாடி குமார்:
அப்ப முதுகோட முதுகு ஒட்டி உக்காந்தா சரியாகிடுமா?

பழைய இன்ஜின்:
பிரிட்டிஷ்காரங்க ரெட்டை சீட்டு பிரிஸ்டல் ஃபைட்டர் அப்படித்தான். ஆனா 1917 ஏப்ரல் 5 முதல் ரவுண்டுக்கு ஆறு ப்ளேன் கிளம்புச்சு, ஜெர்மன் ஸ்டார் பைலட் ரிக்ட்ஹோஃபன் கும்பல் அதுல நாலை சுட்டு இறக்கிடுச்சு. ஒட்டி ஒட்டி பறந்து அப்சர்வருங்க சுடட்டும்னு இருந்ததுதான் தப்பு. அப்புறம் பைலட் முன் துப்பாக்கிய வச்சு ஒத்த சீட்டு ஃபைட்டர் மாதிரி பாய ஆரம்பிச்சதும் அதே ப்ளேன் பின்னி எடுத்துச்சு. உங்க பி.ஈ.2சி-க்கு வரேன், அப்சர்வரோட மெஷின் கன், அதான் லூயிஸ் கன்ன ஒரே இடத்துல ஒட்டிடாதீங்க, சீட்டச் சுத்தி ரெண்டு மூணு மவுண்ட் இருக்கும், சண்டை நடுவுல கன்ன கழட்டி கழட்டி மாத்தி மாட்டணும்.

காத்தாடி குமார்:
ஐயோ நேத்தே ஃபெவிக்விக் போட்டு ஒட்டிட்டேனே 😭