அம்மாவுக்கு யூரின்ல சுகர் இல்ல, விரல்ல குத்துனா 9.2, எத நம்பறது?

கேள்வி (ஆயர் ஈத்தாம், பினாங்கு):
வணக்கம். அம்மாவுக்கு 54 வயசு, நேத்து காலையில வெறும் வயித்துல பார்மசில விரல்ல குத்தி ரத்தத்துல சுகர் பாத்தா 9.2 mmol/L (மலேசியாவுல சுகர இந்த அளவுலதான் சொல்வாங்க). ஆனா போன மாசம் யூரின் டெஸ்ட்ல சுகர் இல்லன்னுட்டாங்க, அதையே சொல்லி தே தாரேவ (இனிப்பான பால் டீ) விட மாட்றாங்க. பாட்டி இனிப்பு நீரால (நீரிழிவு) கால் விரல் இழந்தவங்க, எனக்கு தூக்கமே வரல.

பதில் 1:
யூரின வச்சு முடிவு பண்ணாதீங்க தம்பி. ரத்தத்துல கிட்டத்தட்ட 10 தாண்டினாத்தான் கிட்னி சர்க்கரைய வெளிய விடும், அதனால 9.2 இருந்தாலும் யூரின்ல ஒன்னும் தெரியாம போகலாம். எங்கப்பாவும் இப்படித்தான் ரெண்டு வருஷம் ஏமாந்தாரு.

பதில் 2 (செந்தூல்):
நான் லேப்ல வேல செய்றேன். விரல்ல குத்துறது ஒரு அடையாளம் மாதிரிதான், உறுதிப்படுத்த கை நரம்புல ரத்தம் எடுக்கணும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் 8 மணி நேரம் வெறும் தண்ணி மட்டும், மைலோ கூட கூடாது (நெறைய பேரு இங்கதான் கோட்ட விடுறாங்க). வெறும் வயித்துல 7.0 அல்லது அதுக்கு மேல இருந்தா நீரிழிவு. கூடவே எச்பிஏ1சி (HbA1c) ரத்த டெஸ்ட்டும் கேளுங்க, அது சுகரோட ரெண்டு மூனு மாச சராசரிய காட்டும், மலேசியாவுல 6.3 சதவீதத்துல இருந்தே நீரிழிவுன்னு எடுத்துக்குவாங்க. தாகம், எடை குறையறது மாதிரி அறிகுறி இல்லன்னா இன்னொரு நாளும் டெஸ்ட் எடுத்துதான் முடிவு சொல்வாங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிக்கா, நன்றிண்ணே. திங்கக்கிழம கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க கிளினிக்) கூட்டிட்டு போறேன், நானும் எடுத்துக்கறேன்.