தில்லானா மோகனாம்பாளில் சிவாஜியே நாதஸ்வரம் வாசித்தாரா?

கேள்வி:
நேற்று அப்பாவோடு 'தில்லானா மோகனாம்பாள்' பார்த்தேன். சிவாஜி கன்னம் உப்புவதைப் பார்த்துவிட்டு, "அவரேதான்டா வாசிக்கிறார்" என்று ஒரே அடம். பந்தயம் வேறு கட்டிவிட்டேன். யார் சொல்வது சரி?

பதில்:
பந்தயம் உங்களுக்குத்தான். வாசித்தது எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். இசை கே.வி. மகாதேவன். ஆனால் அப்பாவைக் கிண்டல் செய்யாதீர்கள். நான் நாலு வருஷம் நாதஸ்வரம் கற்றவன். சீவாளியை (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு) கடித்துக் கடித்து உதடு வீங்கியதுதான் மிச்சம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், சிவாஜியின் விரல் துளையில் உட்காருவதையும் மூச்சை உள்ளே இழுப்பதையும் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும். வாசிக்காத நேரத்தில் வாத்தியத்தைப் பிடித்திருக்கும் மிடுக்கைக் கவனியுங்கள். என் வாத்தியார் அப்படியேதான் பிடிப்பார்.

பதில்:
1968 படம். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை, ஏ.பி. நாகராஜன் இயக்கம். எனக்கு சிவாஜி, பத்மினியை விட மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணிதான் ஒரு படி மேல். சண்டைக்கு வராதீர்கள்.

பதில்:
வைத்தியாக வரும் நாகேஷை விட்டுவிட்டீர்களே! சிரித்துக்கொண்டே குடியைக் கெடுக்கிற ஆள். 'நலந்தானா' பாட்டில் ஊரே பார்க்க, சிவாஜியிடம் மட்டும் பத்மினி நலம் விசாரிப்பார். சுசீலா குரல். அந்த இடத்தில் அம்மா இன்றும் அழுவார்.

கேள்வி கேட்டவர்:
அப்பாவிடம் காட்டினேன். "சரி, மூச்சு அவருடையதுதானே?" என்கிறார். பந்தயக் காசு இன்னும் வரவில்லை.