அம்மாவின் நிதி திரட்டும் நடை: கூட வர 3 பேர் வேண்டும்

மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்த அம்மா, மருத்துவர் சம்மதத்தோடு, குடும்பமாக 5 கிலோமீட்டர் நிதி திரட்டும் நடைக்கு வருகிறார். உங்கள் உதவி தேவை.

கீமோவால் பாதம் மரத்துப்போவது இன்னும் தீரவில்லை. ஷூ கடித்துக் கொப்புளம் வந்தாலும் வலி தெரியாது. அதுதான் பெரிய பயம். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உட்காரவைத்து, காலுறையைக் கழற்றி, விரல் இடுக்கிலிருந்து குதிகால் வரை பார்க்க வேண்டும். லேசாகச் சிவந்திருந்தாலே பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள், கொப்புளம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இதைப் பொறுமையாகச் செய்ய ஒருவர் வேண்டும். மாற்றுக் காலுறை 2 ஜோடியும் மடக்கு நாற்காலியும் அவர் கையில் இருக்கட்டும்.

அக்குளில் நிணநீர்க் கணு எடுத்த பக்கம் கை வீங்கலாம். அந்தத் தோளில் பை மாட்டக் கூடாது. கையைத் தொங்கவிட்டபடியே நடக்காமல், அவ்வப்போது உயர்த்தி விரல்களை மடக்கி நீட்ட நினைவூட்ட இன்னொருவர் வேண்டும். வளையல் இறுகினால் நடை அத்தோடு போதும். கை வீக்கத்தைக் கட்டுப்படுத்தக் கையில் மாட்டும் இறுக்கமான அழுத்த உறை போட்டுப் பழகியவர்கள் சொல்லுங்கள்: வியர்த்து அரித்தால் என்ன செய்வீர்கள்?

பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். தலைசுற்றல், நெஞ்சுவலி என்றால் உடனே நிறுத்தம். மூன்றாமவர் பாதி வழியில் காரோடு காத்திருக்க வேண்டும்.

நன்கொடையை நேரே அமைப்பின் கணக்குக்கு அனுப்புங்கள். ரசீது உங்கள் பெயரிலேயே வரும். ரொக்கம் என்றால் இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, அங்கேயே எழுதிக்கொள்வோம்.

யார் எதற்கு வருகிறீர்கள்?