டோர்ட்மண்ட்: கீழ் வீட்டுப் பால்கனியிலிருந்து வரும் கஞ்சாப் புகைக்கு என்ன வழி?

வணக்கம். கீழ் வீட்டுக்காரர் பால்கனியில் பிடிக்கும் கஞ்சாப் புகை நேராக எங்கள் மகளின் படுக்கையறைக்குள் வருகிறது. அவளுக்கு 4 வயது, ஆஸ்துமா உண்டு.

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் வாடகை வீடு, மூன்றாம் மாடி. மே மாதத்திலிருந்து இப்படித்தான். மாலை 6 மணிவாக்கில் ஒரு தடவை, இரவு 9 மணிக்கு மேல் இரண்டு மூன்று தடவை. ஜன்னலைச் சாத்தினாலும் திரைச்சீலையில் வாடை தங்கிவிடுகிறது. தலையணையில் முகம் வைத்ததும் பிள்ளை இருமத் தொடங்குகிறாள்.

நேரில் போய்ப் பேசினேன். மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார், ஒரு வாரம் குறைத்தார், அப்புறம் பழையபடி. வீட்டு நிர்வாகத்துக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. போலீசுக்கும் போன் செய்தேன். 2024 ஏப்ரல் 1 முதல் 18 வயது நிறைந்தவர்கள் வீட்டில் 50 கிராம் வரை வைத்திருக்கலாம், அவர் வீட்டில் அவர் புகைப்பது குற்றமில்லை என்றார்கள். சிறுவர்களுக்குப் பக்கத்திலேயே புகைக்கக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறதே என்று கேட்டேன். மாடி தாண்டி வரும் புகைக்கு அது பொருந்தாதாம்.

பால்கனி சிகரெட் புகை கடுமையாகத் தொந்தரவு செய்தால் புகையில்லா நேரம் கேட்கலாம் என்று ஜெர்மன் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2015 ஜனவரியில் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. எனக்கு அது போதும். அவர் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஜூன் மாதத்திலிருந்து புகை வரும்போதெல்லாம் தேதி, நேரம் போட்டுக் குறித்தும் வைத்திருக்கிறேன்.

கஞ்சாப் புகைக்கு இப்படி நேரம் பிரித்து எழுத்தில் வாங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், முதலில் யாரிடம் போனீர்கள்?