கொடைக்கானல் மேல்மலைக்கு வந்த பல்கலைக்கழகத்தார்: மனத்தை விட்டு அகலாத ஒரு சந்திப்பை எழுதுங்கள்

பூம்பாறை மகள் எழுதியது:

எங்கள் மலையில் விளையும் மலைப்பூண்டைப் பற்றி இங்கே எழுதும் மலைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை என்பதால் நேராகச் சொல்கிறேன். ஐப்பசியில் பூண்டு பிடுங்கி முடித்த வாரத்தில், சமவெளியிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவியர் நால்வர் கேள்விப் படிவங்களுடன் வந்து, என் அம்மாவிடம் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். ஏக்கருக்கு எத்தனை கிலோ என்று அவர்கள் கேட்க, வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்பிய மூட்டைக் கணக்கை அம்மா சொல்ல, ஒருவழியாக இரண்டும் பொருந்தின. பிறகு அம்மா முக்காலியில் ஏறி, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய விதைப்பூண்டில் ஒரு கொத்தை இறக்கி, கரியைத் தட்டிக் கொடுத்தார். ஒரு பெண் ஒவ்வொரு பூண்டையும் அளந்து, பல்லை எண்ணி எழுதிக்கொண்டாள். அவர்கள் எழுந்தபோது அம்மா கேட்டது இதுதான்: "எல்லாம் எழுதிட்டுப் போறீங்க தாயி, எங்க பூண்டப் பத்தி நீங்க என்ன கண்டுபிடிச்சீங்கன்னு எங்களுக்கு யாரு சொல்லுவா?" அறிக்கை முடிந்ததும் அனுப்புவதாக அந்தப் பெண் உறுதி சொன்னாள். அதன் பிறகு நான்கு போகம் எடுத்துவிட்டோம். அன்று அளந்த கொத்தை, அவர்கள் மறுபடியும் வந்து கேட்டால் வேண்டும் என்று அம்மா விதைக்கு எடுக்காமல் தனியே வைத்திருந்தார். பல்லெல்லாம் சுருங்கிச் சருகான பிறகும் அதை எறிய விடவில்லை.

பல்கலைக்கழகங்களால் எங்களுக்குப் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் உயிரித்தொழில்நுட்பத் துறை எடுத்த முயற்சியே காரணம் என்பதை இந்த மலை மறக்காது. அதனால்தான் அந்த நான்கு பெண்களையும் அம்மா அவ்வளவு நம்பினார்.

முகாமுக்கு வந்த மாணவி எழுதியது:

நான் படிவத்தோடு வந்த பக்கத்தைச் சேர்ந்தவள். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமுக்காக எங்கள் கல்லூரியிலிருந்து மேல்மலைக் கிராமமான கவுஞ்சிக்கு வந்தோம். பெண்களுக்கு இரத்தசோகை குறித்து விளக்குவதும் பள்ளி வளாகத்தைச் சீர்செய்வதும் எங்கள் வேலை. மூன்றாம் நாள் காலையில், பனி விலகுவதற்கு முன்பே, பெரியவர் ஒருவர் துண்டில் மண்ணை முடிந்து கொண்டுவந்து பள்ளி வாசலில் காத்திருந்தார். காலேஜிலிருந்து வந்திருக்கிறார்கள் என்றால் மண்ணைப் பார்த்துச் சொல்வார்கள் என்று யாரோ அவரிடம் கூறியிருந்தார்கள். அது எங்கள் வேலை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முடிச்சை அவிழ்த்து என் கையில் கொட்டினார். மண் குளிர்ந்து, கருத்து, ஈரமாக இருந்தது. முகாம் முடிந்ததும் அதை ஒரு பரிசோதனை நிலையத்தில் கொடுத்தேன். அமிலத்தன்மை மிகுந்த மண், சுண்ணாம்பு இட வேண்டும் என்று முடிவு வந்தது. ஆனால் அவருடைய பெயரை நான் எழுதிக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு முகாம் வேறு ஊருக்குப் போய்விட்டது. அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது.

தாண்டிக்குடித் தோட்டக்காரர் எழுதியது:

பூம்பாறைச் சகோதரியின் வருத்தம் நியாயமானதுதான் என்றாலும், ஒரு மாணவியின் படிவத்தை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. கீழ்மலையில் எங்கள் விருப்பாச்சி மலைவாழை முடிக்கொத்து நோயால் அழிந்தபோது, என் தாத்தா தோட்டம் முழுவதையும் தம் கையாலேயே வெட்டிப் போட்டு, அன்றிரவு சாப்பிடாமல் படுத்ததைச் சிறுவனாகப் பார்த்தேன். அசுவினிப் பூச்சி பரப்பும் நச்சுயிரிதான் காரணம் என்பதையும், நோயுற்ற மரத்தின் பக்கக்கன்றை நட்டால் நோயையே நடுவதாகும் என்பதையும் ஆராய்ச்சியாளர்கள்தான் சொன்னார்கள். பின்னாளில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் திசு வளர்ப்பில் உருவாக்கிய நோயற்ற கன்றுகளால்தான் மலைவாழை மீண்டது. தடியன்குடிசையில் அவர்களுடைய தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நாமும் தேடிப் போக வேண்டும்.

மேலும், துண்டில் முடிந்து வந்த ஒரு பிடி மண்ணை வைத்து எந்த முடிவையும் நம்ப முடியாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வரப்பு, எருக்குழி, மரத்தடி ஆகியவற்றை விட்டுவிட்டு, நிலத்தில் பத்துப் பதினைந்து இடங்களில் மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, ஆங்கில 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, பரப்பி, நான்கு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்குகளைக் கழித்து, அரைக் கிலோ மிஞ்சும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். ஈரமிருந்தால் நிழலில் உலர்த்த வேண்டும்; உரமிட்டவுடன் எடுக்கக் கூடாது. படிக்கட்டு நிலத்தில் மேற்படியின் மண்ணும் கீழ்ப்படியின் மண்ணும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால் தனித்தனியே எடுப்பது நல்லது. பையில் பெயர், ஊர், முன்பு செய்த பயிர், இனிச் செய்யப்போகும் பயிர் ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும்.

முகாமுக்கு வந்த மாணவி எழுதியது:

ஐயா, மண் எடுக்கும் முறை இன்று எனக்கும் தெரியும். பெயர் எழுத வேண்டும் என்று கடைசியாகச் சொன்னீர்களே, நான் தவறியது அந்த இடத்தில்தான். மண்ணைக் கொடுத்தவர் முறையாகக் கொடுக்கவில்லை என்று சொல்வது எனக்கு ஏற்புடையதன்று. வாங்கியவள் நான், சரியாக எடுக்கக் கற்றுத்தர வேண்டியவளும் நான்.

பூம்பாறை மகள் எழுதியது:

தாண்டிக்குடி அண்ணா, தேடிப் போகச் சொல்கிறீர்கள். பூம்பாறையிலிருந்து தடியன்குடிசைக்குப் போய்த் திரும்ப என் அம்மாவுக்கு ஒரு நாள் கூலியும் பேருந்துக் காசும் போய்விடும். வீடு தேடி வந்து கேட்டவர்கள் வீடு தேடி வந்து சொல்லவும் வேண்டும் என்பதே என் வாதம்.

தங்கையே, கவுஞ்சியில் என் சித்தி இருக்கிறார். அந்தப் பெரியவரின் நிலம் எந்தப் பக்கம் என்று நினைவிருந்தால் எழுதுங்கள். தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள், சித்தி மூலம் கொடுத்துவிடலாம்.

முகாமுக்கு வந்த மாணவி எழுதியது:

பள்ளிக்கூடத்திலிருந்து ஓடைக்கு இறங்கும் வழியில், இடப்பக்கம் மூன்றாவது படிக்கட்டு நிலம் என்று கைகாட்டினார். ஓரத்தில் ஒரு பேரிக்காய் மரம் நின்றது. அப்போது அதில் இலை இல்லை. தாளை இன்றிரவே அனுப்புகிறேன், அக்கா. முடிவைத் தமிழில் எழுதியும் வைத்திருக்கிறேன்.