அறுவைக்கு ஏற்ற காலம்: செவ்வியா, பதமா, வெறும் காலமா?

அன்றில் எழுதியது:

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம். முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் முன் சிலுவைத் தசைநார் அறுந்தவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, அறுவைசிகிச்சையை எப்போது செய்வது என்ற பகுதி மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது.

ஆங்கில மூலத்தில் 'டைமிங்' என்ற ஒரே சொல் தலைப்பிலும் உள்ளேயும் திரும்பத் திரும்ப வருகிறது. 'அறுவைசிகிச்சை நேரம்' என்று எழுதினால் காலை பத்து மணியா பதினொன்றா என்று கேட்பார்கள். 'அறுவைசிகிச்சைக் காலம்' என்றால் எத்தனை மணி நேரம் மேசையில் கிடக்க வேண்டும் என்பதுபோல் இருக்கிறது. கூடவே வரும் இரண்டு அடைமொழிகள் இன்னும் சிக்கல். 'எர்லி' என்பதற்கு 'விரைவு' என்றால் மளமளவென்று அறுத்துத் தைப்பதுபோல் ஆகிறது. 'டிலேய்ட்' என்பதற்குத் 'தாமதமான' என்று போட்டால் யாரோ கடமை தவறிவிட்டார்கள் என்ற தொனி வந்துவிடுகிறது. மருத்துவக் காரணத்தோடு, வேண்டுமென்றே தள்ளிவைப்பதற்கு நம்மிடம் என்ன சொல் இருக்கிறது?

பனுவல் எழுதியது:

அம்மா, இதற்குத் தமிழில் சொல் பஞ்சமே இல்லை. வள்ளுவர் மருத்துவனுக்கே சொல்லிவைத்தது: 'உற்றான் அளவும் பிணியளவும் காலமும் கற்றான் கருதிச் செயல்.' நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் என்ற மூன்றையும் எண்ணிச் செய் என்கிறார். ஆனால் உங்களுக்கு வேண்டியது வெறும் காலம் இல்லை, தக்க காலம். அதற்குச் 'செவ்வி' என்று பெயர். 'மலரினும் மெல்லிது காமம் சிலர்அதன் செவ்வி தலைப்படு வார்' என்ற குறளில் செவ்வி என்றால் உரிய பருவம். 'அறுவைச் செவ்வி' என்று வையுங்கள். கற்பிக்க வேண்டியதைக் கற்பித்துத்தான் ஆகவேண்டும். தெரிந்த சொல்லையே சுற்றிச் சுற்றி வந்தால் மொழி எப்போது வளரும்?

பாலை எழுதியது:

ஐயா மன்னிக்கவேணும். ஈழத்து வழக்கில் செவ்வி என்றால் நேர்காணல். நாளிதழில் 'அமைச்சருடன் ஒரு செவ்வி' என்று போடுவார்கள். 'அறுவைச் செவ்வி' என்ற தலைப்பைப் பார்த்தால், அறுவைக்கு முன் மருத்துவர் நோயாளியைப் பேட்டி எடுக்கிறார் என்றுதான் நான் நினைப்பேன். கையேடு எல்லா நாட்டுத் தமிழருக்கும் போகும் என்றால் இதைக் கவனிக்கவேணும். 'டிலேய்ட்' என்பதற்கு 'ஆறவிட்ட அறுவை' பொருந்துமா? 'ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவில்லை' என்ற பழமொழியில் வரும் ஆறுதல்தான்.

நெய்தல் எழுதியது:

நான் எலும்பு மூட்டு மருத்துவர். சொல்லுக்குப் போகும் முன் அதற்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

தசைநார் அறுந்த முதல் சில நாட்களில் மூட்டுக்குள் இரத்தம் கட்டி, முட்டி வீங்கிச் சூடாக இருக்கும். கால் முழுதாக நீளாது. தொடையின் முன்தசை சொன்னபடி கேட்காது. அந்த நிலையில் கத்தி வைத்தால் உள்ளே தழும்புத் திசு படர்ந்து முட்டி இறுகிப்போகும் ஆபத்து உண்டு. கடைசி ஐந்து பாகை நீளாமல் நின்றுவிட்டால்கூட ஆள் நொண்டுவார், முட்டிச்சில்லின் பின்னால் வலிக்கும். 1991-இல் ஷெல்போர்ன் என்ற அமெரிக்க மருத்துவரின் ஆய்வுக்குழு காட்டியது இதைத்தான். அடிபட்ட ஒரு வாரத்துக்குள் அறுவை செய்துகொண்டவர்களிடம் இறுக்கம் கூடுதல்; 21 நாளோ அதற்கு மேலோ பொறுத்தவர்களிடம் குறைவு. அதிலிருந்து 'மூன்று வாரம்' என்பது பலர் வாயில் விதியாகவே ஆகிவிட்டது. ஆனால் 2008-இல் போட்டோனி குழு நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தபோது, மூன்று வாரத்துக்குள் செய்தவர்களுக்கும் ஆறு வாரத்துக்குப் பின் செய்தவர்களுக்கும் மூட்டசைவில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. அவர்கள் அறுவை முடிந்த கையோடு காலை நீட்டி அசைக்கும் பயிற்சியைத் தொடங்கினார்கள்.

ஆக, நாட்காட்டி இங்கே அரைச் சான்றுதான். முட்டி எந்த நிலையில் இருக்கிறது என்பதே முழுச் சான்று. பனுவல் ஐயா 'தக்க' என்ற பொருளை வலியுறுத்துவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் 'ஆறவிட்ட' வேண்டவே வேண்டாம். 'புண் ஆறிவிட்டது' என்றால் குணமாகிவிட்டது என்று பொருள். 'ஆறியபின் அறுவை' என்று படிப்பவர், ஆறிவிட்டால் அப்புறம் எதற்கு அறுவை என்று கேட்பார். நியாயமான கேள்வி. வீக்கம் தணிந்தாலும் அறுந்த தசைநார் பெரும்பாலும் பழையபடி ஒட்டிக்கொள்வதில்லை.

வேங்கை எழுதியது:

இயன்முறைப் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் ஒன்று. என்னிடம் வருகிறவர்களில் யாரும் 'தசைநார்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'ஜவ்வு கிழிஞ்சிருச்சு' என்பார்கள். இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் பிறைக் குருத்தெலும்பும் அவர்களுக்கு ஜவ்வுதான். இந்தப் பகுதிக்கு அது பெரிய சிக்கல். ரொம்ப நாள் தள்ளிப்போட்டால் வரும் கேடே, சிலுவைத் தசைநார் இல்லாத முட்டி அடிக்கடி நழுவி, உட்பக்கப் பிறைக் குருத்தெலும்பும் கிழிவதுதான். 'ஜவ்வு கிழிந்ததைக் கவனிக்காவிட்டால் ஜவ்வு கிழியும்' என்று எழுத முடியுமா? தசைநார் என்ற சொல்லை எல்லா இடத்திலும் விடாமல் போடுங்கள். பக்கத்தில் ஒரு படமும் போடுங்கள்.

'டைமிங்' என்பதற்கு என் ஓட்டு 'பதம்'. முட்டி பதத்துக்கு வந்துவிட்டதா என்று நாங்கள் கையால் பார்க்கிறோம். குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்தால் முட்டி தானாக இறங்கி நேராக வேண்டும். காலை மடக்காமல் தூக்கச் சொன்னால் முட்டி தொய்யக்கூடாது. முட்டியின் உட்பக்கத்தை மேல்நோக்கித் தடவி நீரை ஒதுக்கிவிட்டு, வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழே தடவிப் பார்ப்போம்; உட்பக்கத்தில் அலைபோல் மறுபடி புடைத்தால் நீர் இன்னும் இருக்கிறது. இதெல்லாம் சரியானால், மருத்துவரிடம் 'பதம் வந்துவிட்டது' என்றுதான் சொல்வேன்.

பனுவல் எழுதியது:

தம்பி வேங்கை, உங்கள் வருணனையே என் கட்சிக்குச் சான்று. செவ்வி என்பது செம்மையின் வழி வந்த சொல். செம்மைக்கு நேர்மை, வளையாமை என்று பொருள். செங்கோல் வளையாத கோல், செங்குத்து நேர்க்குத்து. துண்டின்மேல் வைத்த கால் நேராகிறதா என்றுதானே பார்க்கிறீர்கள்? நேராக நீளும் முட்டியே செவ்வி எய்திய முட்டி. வேறு எந்தச் சொல்லுக்கு இந்த இரட்டைப் பொருத்தம் கிடைக்கும்?

பாலை சொன்ன நேர்காணல் பொருளும் இதற்கு அயலானது இல்லை. 'அருஞ்செவ்வி இன்னா முகத்தான்' என்ற குறளில், அரசனைக் காண்பதற்கு வாய்க்கும் வேளைதான் செவ்வி. நேர்காணலும் வாய்த்த வேளையே. ஒரே வேரில் இரண்டு கிளை.

இன்னொன்று. 'காலம்' வடசொல் என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவைக்கிறேன். 'காலம் உலகம் உயிரே உடம்பே' என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஒரு நூற்பாவின் முதற்சொல்லாகவே வைக்கிறார். வினைச்சொல்லுக்கு இலக்கணம் சொல்லும்போது 'நினையுங் காலைக் காலமொடு தோன்றும்' என்கிறார். காலை, காலம் இரண்டும் ஒரே அடியில். கால் என்ற வேரிலிருந்து...

அன்றில் எழுதியது:

ஐயா, முழங்காலிலிருந்து காலத்துக்கு வந்துவிட்டோம். வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

செவ்வியின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் கையேட்டைப் படிக்கப்போகிறவர் வலியோடும் பயத்தோடும் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருப்பவர். தலைப்பிலேயே அகராதி தேட வைக்க எனக்கு மனம் வரவில்லை. பதத்தைப் பொறுத்தவரை, 'பத முட்டி', 'பதமான அறுவை' என்று எழுதிப் பார்த்தேன், சொற்றொடருக்குள் நிற்கவில்லை. பேச்சில் இனிக்கிறது, அச்சில் நழுவுகிறது.

நெய்தல் டாக்டர், ஒரு கேள்வி. 'எர்லி', 'டிலேய்ட்' என்றால் எத்தனை வாரம்? மூலத்தில் ஒரு பத்தியில் ஆறு வாரம், இன்னொன்றில் பத்து வாரம் என்று இருக்கிறது. அச்சுப் பிழையா?

நெய்தல் எழுதியது:

பிழை இல்லை. ஆய்வுக்கு ஆய்வு எல்லை மாறுகிறது. சுவீடனில் 121 இளையோரை வைத்து நடந்த கேனான் ஆய்வில் பத்து வாரத்துக்குள் செய்தது 'எர்லி'. நெதர்லாந்தில் 167 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான கம்பேர் ஆய்வில் ஆறு வாரத்துக்குள். ஷெல்போர்ன் கணக்கில் மூன்று வாரமே பொறுத்த கணக்கு. அதனால்தான் சொல்கிறேன், 'முன்', 'பின்' என்று மொட்டையாக எழுதினால் எதற்கு முன், எதற்குப் பின் என்பது தொங்கிக்கொண்டு நிற்கும்.

இன்னொரு நுணுக்கம். கேனான், கம்பேர் என்ற இரண்டு ஆய்விலும் மறுதரப்பு 'தாமதித்து அறுவை செய்துகொண்டவர்கள்' இல்லை. முதலில் பயிற்சி, அப்புறமும் முட்டி நழுவினால் மட்டும் அறுவை. கேனானில் அந்தத் தரப்பில் இருந்த 59 பேரில் இரண்டு ஆண்டில் 23 பேரும் ஐந்து ஆண்டில் 30 பேரும் அறுவைக்குப் போனார்கள். மற்றவர்களுக்குத் தேவைப்படவே இல்லை. முட்டி பற்றி நோயாளிகளே கொடுத்த மதிப்பெண்ணில் இரு தரப்புக்கும் வேறுபாடு தெரியவில்லை. கம்பேரிலும் அந்தத் தரப்பில் பாதிப் பேர்தான் அறுவைக்குப் போனார்கள்; சீக்கிரம் செய்தவர்கள் மதிப்பெண்ணில் சற்று மேலே இருந்தாலும் அது நடைமுறையில் பெரிதா என்பது விவாதத்துக்குரியது. பிரிட்டனில் 316 பேரிடம் நடந்து 2022-இல் வந்த ஆய்வு வேறு கதை. அடிபட்டு நாளாகி, இன்னமும் முட்டி நழுவிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அங்கே பயிற்சியைவிட அறுவைதான் கூடுதல் பலன் தந்தது.

ஆகவே 'தாமதம்' என்ற சொல் தொனியால் மட்டும் தவறு இல்லை, உள்ளடக்கத்திலும் தவறு. தாமதம் என்றால் கட்டாயம் நடக்கப்போகிற ஒன்று தள்ளிப்போகிறது என்று பொருள். இங்கே பாதிப் பேருக்கு அது நடக்காமலே போகலாம். என் பரிந்துரை: 'வீக்கம் வடியுமுன்', 'வீக்கம் வடிந்தபின்', 'தேவைப்பட்டால் மட்டும்'. வடிதல் எல்லாருக்கும் தெரிந்த சொல். வெள்ளமும் வடியும், வீக்கமும் வடியும்.

விதிவிலக்கையும் மறக்காமல் எழுதுங்கள். கிழிந்த பிறைக் குருத்தெலும்பு புரண்டு நடுவில் மாட்டி முட்டி பூட்டிக்கொண்டால் வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. குழந்தைகளிடம் முன்பெல்லாம் எலும்பின் வளர்ச்சித் தட்டு மூடும்வரை பொறுப்பார்கள். பொறுத்த காலத்தில் குருத்தெலும்பு சேதம் கூடுகிறது என்று தெரிந்தபின் அந்தப் போக்கு மாறியிருக்கிறது.

வேங்கை எழுதியது:

'தேவைப்பட்டால் மட்டும்' என்பதற்கு என் இரு கையும் உயர்கிறது. கூடவே இன்னொரு காலமும் இந்தக் கையேட்டில் வரவேண்டும். அறுவைக்குப்பின் விளையாட்டுக்குத் திரும்பும் காலம். கிரின்டெம் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதம்வரை திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய விகிதம் 51 விழுக்காடு குறைந்தது. அறுவை எப்போது என்று கவலைப்படுகிறவர்கள், திரும்புவது எப்போது என்பதில் ஆறாம் மாதமே அவசரப்படுகிறார்கள். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் குழம்பிவிடும்.

பாலை எழுதியது:

'வடிந்தபின்' நல்லது. தலைப்புக்கு 'அறுவைக்கு ஏற்ற காலம்' போதாதா? 'ஏற்ற' என்பதிலேயே பனுவல் ஐயாவின் செவ்விப் பொருள் வந்துவிடுகிறது. சொல் நீளம் என்பார்கள். கையேட்டுக்கு நீளம் குற்றமில்லை. கலைச்சொல் பட்டியலுக்கு வேண்டுமானால் பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

அன்றில் எழுதியது:

சரி, இப்படியே அனுப்புகிறேன். தலைப்பு 'அறுவைக்கு ஏற்ற காலம்'. உள்ளே மூன்று வழிகள்: 'வீக்கம் வடியுமுன்', 'வீக்கம் வடிந்தபின்', 'முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் அறுவை'. ஒவ்வோர் ஆய்வையும் சொல்லும் இடத்தில் எத்தனை வாரம் என்பதையும் கூடவே எழுதிவிட்டேன். வேங்கை சொன்னது 'ஆட்டத்துக்குத் திரும்பும் காலம்' என்று தனித் தலைப்பாகிறது. முட்டி தயாரா என்று பார்க்கும் பத்தியில் மட்டும் 'பதம்' வருகிறது; அங்கே அது இயல்பாக உட்கார்ந்துவிட்டது. குழுமத்தின் பட்டியலில் 'டைமிங்' என்பதற்கு எதிரே என்ன போடுவது என்பது இன்னும் முடியவில்லை. பெரும்பான்மை 'ஏற்ற காலம்' பக்கம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

பனுவல் எழுதியது:

கையேடு உங்கள் பொறுப்பு அம்மா, அதில் நான் குறுக்கே நிற்கவில்லை. பட்டியலில் என் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்யுங்கள். 'ஏற்ற காலம்' என்று படித்தவுடன் வாசகர் எத்தனை வாரம் என்று எண்ணத் தொடங்குவார். வாரத்தை எண்ணாதே, முட்டியைப் பார் என்பதுதானே டாக்டர் இவ்வளவு நேரம் சொன்னது? காலம் என்ற சொல் எண்ணத்தான் சொல்லும். செவ்வி பார்க்கச் சொல்லும்; 'செவ்வி பார்த்து' என்றே வழக்கு உண்டு. நேர்காணலுக்குப் பேட்டி என்றும் சொல்கிறார்கள், நேர்காணல் என்றும் சொல்கிறார்கள். பாலை தரப்பில் அந்த இரண்டில் ஒன்றைப் புழங்கிக்கொண்டு செவ்வியை மருத்துவத்துக்கு விட்டுக்கொடுக்க முடியுமா என்று கேட்டுச் சொன்னால் நல்லது.

பாலை எழுதியது:

விட்டுக்கொடுக்க ஏலாது ஐயா. எங்கட இதழ்களில் பல காலமாய் வேரூன்றிய சொல் அது.