மறு: பேட்மேனின் யூட்டிலிட்டி பெல்ட்டுக்குத் தமிழ்ச் சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

காமிக்ஸ் நாயகன் பேட்மேன் தன் கருவிகளைச் செருகி இடுப்பில் கட்டும் யூட்டிலிட்டி பெல்ட்டைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற கேள்விக்கு, குழுவில் 'பயன்பாட்டுப் பட்டை', 'மாயக்கச்சை' என்று பெயர்கள் வந்திருந்தன. 'பயன்பாட்டுப் பட்டை'யில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் கதை படிக்கும் பிள்ளைக்கு அதைக் கேட்டதும் எதுவும் கண்ணில் தோன்றாது. 'மாயக்கச்சை' வேண்டவே வேண்டாம். பேட்மேனிடம் மாயம் எதுவும் கிடையாது. அவன் உருவான கதையே அதைச் சொல்லும்.

1938இல் வந்த சூப்பர்மேன் நன்றாக விற்றதும், பதிப்பகத்தார் இன்னொரு நாயகனைத் தேடினார்கள். ஓவியர் பாப் கேன் பேட்மேனுக்காக முதலில் வரைந்த உருவத்துக்குச் சிவப்பு உடை, கண்ணை மட்டும் மறைக்கும் முகமூடி, டா வின்சியின் பறக்கும் பொறியைப் பார்த்துச் சேர்த்த விறைப்பான இறக்கைகள். அந்த இறக்கைகளை எடுத்துவிட்டு மேலங்கி, காது வைத்த தலையுறை, கையுறை, சாம்பல் நிறம் என்று மாற்றச் சொன்னவர் எழுத்தாளர் பில் ஃபிங்கர். (படைப்பில் அவருக்கும் பங்குண்டு என்று பதிப்பகம் முறையாக ஏற்றது 2015இல், அவர் இறந்தது 1974இல். எப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை.) பகலில் பணக்காரன், இரவில் முகமூடி வீரன் என்பது சாகசக் கதைகளின் முகமூடி நாயகன் ஜோரோவிடமிருந்து வந்தது. ஜோரோவும் வெறும் மனிதன்தான்.

1939 மே தேதியிட்ட டிடெக்டிவ் காமிக்ஸ் 27ஆம் இதழில் பேட்மேன் அறிமுகம். பெல்ட்டுக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிய வந்தது 29ஆம் இதழில். கார்ட்னர் ஃபாக்ஸ் எழுதிய கதை அது. மூச்சுத் திணறவைக்கும் வாயு அடைத்த கண்ணாடிக் குப்பிகளை அதில் செருகிக் கொடுத்தார். பறக்கவும் முடியாது, குண்டு பட்டால் உடம்பும் தாங்காது. அப்படிப்பட்டவனுக்கு இடுப்பில் இருப்பதுதான் பலம்.

அதனால் என் பரிந்துரை 'கருவிக்கச்சை'. கச்சை என்றால் கோவணம் நினைவுக்கு வருமே என்று ஒருவர் கேட்டிருந்தார். 'அரைக்கச்சையில் குத்துவாளைச் செருகினான்' என்று சரித்திரக் கதைகளில் படித்தவர்களுக்கு அந்தச் சிக்கல் வராது. வரிந்து கட்டுவதும் ஆயுதம் செருகுவதும் அந்தச் சொல்லிலேயே இருக்கின்றன.

அப்புறம், 31ஆம் இதழில் வரும் பேட்டராங், அதாவது பேட்மேன் வீசும் வௌவால் வடிவ ஆயுதம். 'வௌவால் வளரி' என்றால் ஓசை அருமையாக இருக்கிறது. ஆனால் அதற்கு மாதிரி ஆஸ்திரேலியாவின் பூமராங். நம் சிவகங்கைச் சீமையின் வளைந்த எறி ஆயுதமான வளரி பெரும்பாலும் எறிந்தவர் கைக்குத் திரும்பாது. அந்த வேறுபாடு பெயரில் தெரிய வேண்டுமானால் 'வௌவால் வளைதடி' என்று வைக்கலாம். எனக்கு வளரியை விட மனமில்லை. வளரி வீசிப் பழகியவர்கள் குழுவில் இருந்தால் சொல்லுங்கள், அதன்படியே முடிவு செய்வோம்.